இடது புருவத்தில் வெட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுறேன். நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கிட்டு இருப்பேனு நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். இங்க நான் இருக்கேன். நல்லா இருக்கேன்னு வழக்கமா எழுதுற வரிய எழுதப் பார்த்தேன், கை வரல, அதனால இருக்கேன்னு மட்டும் எழுதுறேன், அது பொய் இல்ல. உன் இருமல் நின்னுச்சா. போன வாரம் டெய்லர் கடை போன்ல பேசினப்ப மூணு தடவை இருமினே, நான் எண்ணினேன். வெந்நீர் குடி, குளிர்ல தலையை மூடாம வெளிய போகாதே, அங்க யாரும் உன்னைப் பார்த்துச் சொல்லப் போறதில்ல. நீ கேட்டதுக்கெல்லாம் நான் ம், ம்னு மட்டும் சொன்னேன்னு உனக்குக் கோபம். டெய்லர் கடைல ஒரு பக்கம் மெஷின் ஓடுது, இன்னொரு பக்கம் துணி குடுக்க வந்த நாலு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அங்க நின்னுக்கிட்டு உங்க அப்பாவைப் பத்தி நான் எதைச் சொல்றது. அதோட நான் சொல்ல வேண்டியது போன்ல சொல்ற விஷயமும் இல்ல. அதனாலதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கேன். இதை முழுசாப் படி, பாதியில மடிச்சு வைக்காதே. படிச்சு முடிச்சிட்டு என்னை என்ன வேணாலும் சொல்லு.

அப்பா வீட்டை விட்டுப் போய் இன்னையோட எழுபத்தியொரு நாள். இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்கனு உன்கிட்ட சொல்லிட்டு வர்றேன், அது நெசம்தான். ஆனா நடுவுல ஒண்ணு நடந்துச்சு, அதை உன்கிட்ட மறைச்சுட்டேன். அவர் கிடைச்சார். ஆறு நாள் ஒரு கட்டில்ல இருந்தார். அவரைக் கிடைக்காமப் பண்ணினது நான்தான். மறதியில வழி தவறிப் போனது அவர், ஆனா தொலைச்சது நான். இதை எழுதிட்டேன், இனி எப்படின்னு சொல்றேன்.

என் வேலை உனக்குத் தெரியாதது இல்ல, ஆனாலும் ஒண்ணு விடாமச் சொல்றேன், அப்பத்தான் என் தப்பு எங்க இருந்து வந்துச்சுனு புரியும். முப்பத்தியோரு வருஷமா நான் கண்ணாடி கம்பெனியில பாட்டில்ல குறை பார்க்கிறவ. வெளிச்சப் பலகைக்கு முன்னால உட்கார்ந்தா பெல்ட்ல நிமிஷத்துக்கு அறுபது பாட்டில் போகும். கீறல், குமிழி, உள்ள கல், வாய் உடைசல், இந்த நாலுல ஒண்ணு இருந்தா எடுத்துத் தொட்டியில போடணும், தொட்டியில விழுந்தது நொறுங்கி மறுபடியும் உலைக்குப் போயிடும். அரை மணிக்கு ஒரு தடவை ஆளை மாத்துவாங்க, அதுக்கு மேல கண்ணு தாங்காது. அந்த வேலையோட சூட்சுமம் என்னனா பாட்டிலைப் பார்க்கவே கூடாது. ஒவ்வொண்ணா பார்த்தா பின்தங்கிடுவோம். கண்ணை அப்படியே விட்டு வச்சிருந்தா நல்ல பாட்டில் எல்லாம் இல்லாத மாதிரி போயிடும், குறை இருக்கிறது மட்டும் தானா வந்து கண்ணுல குத்தும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இதை நான்தான் சொல்லிக் குடுப்பேன். கூடவே இன்னொண்ணும் சொல்லிக் குடுப்பேன், குறிப்புல இடது பக்கம் கீறல்னு எழுதினா அது உன்னோட இடது, பாட்டிலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, இடது வலது எல்லாம் பார்க்கிறவளுக்குத்தான்னு. கம்பெனியில எனக்குப் பூதக்கண்ணாடினு பேர், உனக்குத் தெரியும், அதுல எனக்குப் பெருமை வேற.

அந்தக் கண்ணைக் கம்பெனியில கழட்டி வச்சுட்டு வந்திருக்கணும். நான் வீட்டுக்கும் எடுத்துட்டு வந்தேன். நீ வகுப்புல ரெண்டாவதா வந்தப்ப உன் கையெழுத்து சாயுதேன்னு சொன்னவ நான். அத்தை ஆசையா தச்சுக் குடுத்த சட்டையில ஒரு தையல் விட்டிருக்குனு அவ முன்னாலயே பிரிச்சுக் காட்டினவ நான், அதுக்கப்புறம் அத்தை நம்ம வீட்டுப் படி ஏறலை. உங்க அப்பாவுக்கு நேர் எதிர் வேலை. பம்ப் ஹவுஸ்ல வால்வைத் திறந்து விட்டுட்டு, மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுனு எழுதிட்டு, மிச்ச நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கணும். அவர் சும்மா உட்காரல, பார்த்துக்கிட்டு இருந்தார். எறும்பு, மேகம், தண்ணி கொப்பளிக்கிறது, வர்றவங்க போறவங்க. கூட வேலை பார்த்தவங்க அவரைச் சாமியார்னு கூப்பிட்டாங்க. வீட்டுல இருந்தாலும் ஜன்னல்ல நின்னுக்கிட்டு, இங்க வந்து பாரேன்னு கூப்பிடுவார். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கூப்பிட்டார். முதல் ஒரு மாசம் போய்ப் பார்த்திருப்பேன். ஒண்ணும் இருக்காது, மழைத்தண்ணி ஓடும், இல்லைன்னா யாரோ ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போவார். இதைப் பராக்குப் பார்க்கத்தான் அடுப்புல இருந்தவளைக் கூப்பிட்டீங்களானு கேட்பேன். அவர் சிரிப்பார். ஒரு நாள்கூட ஏன் வரலைனு கேட்டதில்ல, ஒரு நாள்கூட கூப்பிடாம இருந்ததும் இல்ல.

போன வருஷம் மறதி ஆரம்பிச்சப்பவே உனக்கு எழுதினேன். பேரெல்லாம் போயிடுச்சு, டெய்லர் பேர், தன் கூட்டாளிங்க பேர், கடைசியில என் பேரும். பேர் மறந்து போனதால ஆளை முன்னைவிட ரொம்ப நேரம் பார்ப்பார், எனக்கு அது எரிச்சலா இருக்கும், என்ன அப்படி வெறிக்கிறீங்கனு கேட்பேன். அன்னிக்குக் காலையில எனக்கு ஷிஃப்டுக்கு நேரம் ஆச்சு. அவர் வாசல் கதவைத் திறந்து வச்சுட்டு நின்னுக்கிட்டு, இங்க வந்து பாரேன்னார். நான் பையில சாப்பாட்டு டப்பாவைத் திணிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா சட்டையில பொத்தானை ஒண்ணு மாத்திப் போட்டிருக்கார், ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. பொத்தானை ஒழுங்காப் போடத் தெரியாதவர் என்னத்தைப் பார்க்கப் போறீங்கனு சொன்னேன். அவர் குனிஞ்சு சட்டையைப் பார்த்தார். நான் செருப்பு மாட்டிக்கிட்டு அவரைத் தாண்டித்தான் வெளிய போனேன், அவர் என்னத்தைக் காட்டினார்னு பார்க்கல. சாயங்காலம் வந்தப்ப கதவு திறந்தே இருந்துச்சு. நானும் அவரும் கடைசியாப் பேசினது அந்தப் பொத்தான் பேச்சுதான், கண்ணா. முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்தி, மிஞ்சினது ஒரு பொத்தான்.

போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் ஒருத்தர் இருந்தார், நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்கார வச்சார். போட்டோ கேட்டார். நம்ம வீட்டுல அப்பா போட்டோ இல்லைங்கிறது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. கண்ணை மூடிட்டார், தலை சாஞ்சிருக்கு, பாதி முகத்துல நிழல்னு நான்தான் ஒண்ணொண்ணாக் கிழிச்சுப் போட்டேன். தப்பிச்சது வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த அட்டைப் படம் மட்டும்தான், அதுல கறுகறுனு மீசையோட இருபத்தியாறு வயசுல இருக்கார். அதைக் குடுத்தேன். அடுத்து அங்க அடையாளம் சொல்லுங்கனார். அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துடுச்சு, இது நம்ம வேலையாச்சேனு. இடது புருவத்துல வெட்டு, நடுவுல முடி இல்லாம. இடது காதுக்குக் கீழ மச்சம், மிளகு அளவு. முன்பல்லுல இடது பக்கம் சில்லு போயிருக்கும். இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கும். கண்ணை மூடிக்கிட்டு பெல்ட்ல பார்க்கிற மாதிரி பார்த்துச் சொல்லிக்கிட்டே போனேன், அவர் அடுத்த பக்கம் திருப்பி எழுதினார். இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லம்மானு மெச்சிக்கிட்டார். அப்புறம் பேனாவை மூடிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, ஆள் பார்க்க எப்படி இருப்பார்னு கேட்டார். யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், வெட்டு வருது, மச்சம் வருது, சில்லு வருது, முகம் வரல. எந்த இடத்துக்குப் போவார், யாரோட பழக்கம், எதைப் பார்த்தா நிப்பார்னு கேட்டார். தெரியாது, தெரியாது, தெரியாதுனு மூணு தடவை சொன்னேன். அவர் பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அதுக்கப்புறம் லீவு போட்டுட்டு நானே தெருத் தெருவாப் போனேன். பஸ் டிப்போ பக்கம் போனப்ப அங்க பெருக்குற அம்மா என்னைக் கேட்டாங்க, நம்ம ஐயா ஏன் நாலு நாளா வரலைனு. நம்ம ஐயானு சொன்னாங்க. தினமும் பதினோரு மணிக்கு வருவாராம், டிப்போ சுவர்கிட்ட அரை மணி நேரம் நிப்பாராம், அவங்க பேர் அவருக்குத் தெரியாதாம், ஆனா முழங்கால் வலி இடது காலா வலது காலானு ஒரு நாளும் மறந்ததில்லையாம். குனிஞ்சு அந்தக் காலையே பார்த்து இன்னிக்குப் பரவாயில்லையேனு சொல்வாராம். பெருக்குறவளை யாரும்மா பார்க்கிறாங்க, துடைப்பத்தைத்தான் பார்க்கிறாங்க, ஐயாதான் என்னைப் பார்ப்பார்னு அந்த அம்மா சொல்றாங்க. எனக்கு வயித்தெரிச்சலா வந்துச்சு. என் முழங்காலும்தான் வலிச்சுது. அவர் என்கிட்டயும் கேட்டிருப்பார், நான் காதுல வாங்கியிருக்க மாட்டேன். அவர் நின்ன இடத்தைக் காட்டினாங்க. போய்ப் பார்த்தேன், சுவர்ல ஒரு நீட்டு விரிசல். எனக்கு அதுதான் தெரிஞ்சுது. அந்த அம்மா கிட்ட வந்து விரலை வச்சுக் காட்டினப்புறம்தான் அதுக்குள்ள இருந்து ஒரு செடி வந்திருக்கிறது தெரிஞ்சுது, நாலு இலை. அந்த நாலு இலையைப் பார்க்கத்தான் மனுஷன் தினமும் ரெண்டு மைல் நடந்திருக்கார்.

பன்னிரண்டாவது நாள் ரைட்டர் ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரிப் பிணவறையில வயசு ஒத்துப் போற ஒரு உடம்பு இருக்கு, வந்து பார்க்கணும்னு. எப்படிப் போனேன்னு கேட்காதே. பிணவறைக்காரர் துணியை விலக்கினார். நான் கண்ணை அப்படியே விட்டேன், பெல்ட்ல விடுற மாதிரி. புருவத்துல வெட்டு இல்ல. காதுக்குக் கீழ மச்சம் இல்ல. இது இல்லைனு சொல்லிட்டுத் திரும்பிட்டேன், மொத்தம் ரெண்டு நொடி ஆகியிருக்கும். வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்தா அப்பாடானு இருந்துச்சு. தண்ணி குடிச்சேன். குடிக்கிறப்பத்தான் நான் சொன்ன வார்த்தை என் காதுலயே விழுந்துச்சு. இவர் இல்லைனுகூட சொல்லல, இது இல்லைனு சொல்லியிருக்கேன். பாட்டிலைத் தொட்டியில போட்ட மாதிரி போட்டுட்டு வந்திருக்கேன். எங்கயோ ஒருத்தி இவரைத் தேடிக்கிட்டு இருப்பா, அவ புருஷனை நான் பார்த்தேனா, பார்க்கவே இல்ல. எனக்கு என்ன தோணுச்சோ, திரும்பப் போய் இன்னொரு தடவை பார்க்கணும்னு கேட்டேன். பிணவறைக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டுத் துணியை விலக்கினார்.

அன்னிக்குத்தான் நான் முதல் தடவையா ஒரு மனுஷ முகத்தைப் பார்த்தேன். உயிரோட இருக்கிறவங்க யாரையும் பார்க்காம, செத்தவரைப் பார்த்தேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்ற மாதிரி. நெத்தியில மூணு கோடு, நடுக்கோடு பாதியில நின்னுடுச்சு. நல்லாச் சிரிச்ச ஆள், கண்ணோரத்துல தெரிஞ்சுது. யாரோ ரெண்டு மூணு நாளைக்கு முன்னால முடி வெட்டி விட்டிருக்காங்க, கடையில வெட்டினது இல்ல, வீட்டுல ஆசையா வெட்டினது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இவரைத் தேடி வர்றவங்களுக்கு உதவுமேனு, எழுதிக்கோங்கய்யா, இடது கன்னத்துல ஒரு பழைய தழும்பு இருக்கு, லேசாத்தான் தெரியுதுனு சொன்னேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார், எழுதிக்கிட்டே, அது வலது கன்னம்மா, அவரோட கைப்பக்கம்தான் கணக்கு, உங்க கைப்பக்கம் இல்லனார்.

அவரோட கைப்பக்கம். நான் முப்பத்திநாலு வருஷம் அவரை எதிர்ல நின்னுதானே பார்த்தேன். இடது புருவம்னு நான் சொன்னது அவருக்கு வலது. மச்சம் வலது. சில்லு வலது. ரெண்டு பக்கம் எழுதின அத்தனை அடையாளமும் தலைகீழ். மனுஷனுக்கு இடது வலது உண்டுங்கிறது எனக்கு மறந்து போயிருக்கு. அங்க இருந்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரைட்டர் கேட்டுட்டு, வந்திருந்த தகவல் தாளுங்களை எடுத்துப் புரட்டினார். ஒரு தாள்ல விரல் நின்னுடுச்சு. ஊருக்கு அந்தப் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில, பேர் சொல்லத் தெரியாத பெரியவர், ரோட்டுல மயங்கி விழுந்து பின்னந்தலையில அடி. நம்ம ஸ்டேஷன் போலீஸ்காரர் ஒருத்தர் நான் சொன்ன அடையாளத் தாளை எடுத்துக்கிட்டுப் போய் அஞ்சாவது நாளே பார்த்திருக்கார். வெட்டு வலது புருவத்தில், மச்சம் வலப்புறம், பொருந்தவில்லைனு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். படத்துல மீசைக்கார வாலிபன், கட்டில்ல தாடி முளைச்ச கிழவர், அப்புறம் அவர் எதை வச்சு ஒத்துப் பார்ப்பார், நான் சொன்னதை வச்சுத்தான். அவரைத் திட்ட எனக்கு வாய் இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் தள்ளியிருப்பேன்.

நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்கு நாலு நாளைக்கு முன்னாலயே அப்பா அங்க இருந்து போயிட்டார். பார்வையாளர் நேரத்துல கூட்டத்தோட கூட்டமா வெளிய நடந்திருக்கார். வார்டுல இடம் இல்லாம நடைவழியில கட்டில் போட்டிருந்தாங்களாம். அங்க இருந்த ஆயா எல்லாம் சொன்னாங்க. பேர் கேட்டா யோசிச்சு யோசிச்சுச் சிரிப்பாராம். போறவங்க வர்றவங்க ஒவ்வொருத்தரையும் பார்ப்பாராம், எதிர்க்கட்டில்ல பிள்ளையைப் பறிகொடுத்த பொண்ணு ஒருத்தி யார்கிட்டயும் பேசாம கிடந்திருக்கா, இவர் பக்கத்துல போய் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாம அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாராம், அவ அன்னிக்குத்தான் அழுதாளாம். அது வேற யாராவதாவும் இருக்கலாம்னு நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஆயா சொன்னாங்க, குளுக்கோஸ் பாட்டில்ல ஒவ்வொரு சொட்டு இறங்குறப்பவும் ஒரு குமிழி மேல ஏறும், அதைக் காட்டி, இங்க வந்து பாரேன், இங்க வந்து பாரேன்னு எல்லாரையும் கூப்பிடுவாருனு. அது அவரேதான். அந்தக் கட்டில்ல அப்ப வேற ஒருத்தர் படுத்திருந்தார். அவருக்கும் பாட்டில் தொங்குச்சு. அடியில எங்க கம்பெனி முத்திரை. முப்பத்தியோரு வருஷமா குமிழியைக் கண்டா தூக்கிப் போட்டவ நான், அன்னிக்கு அங்க நின்னு, ஒண்ணு, ரெண்டுனு ஏறுற குமிழியை அந்த பாட்டில் தீர்ற வரைக்கும் பார்த்தேன்.

இதுதான் நான் உன்கிட்ட மறைச்சது. நடுவுல அம்பத்தொன்பது நாள் போயிடுச்சு. அடையாளத்தை மாத்தி எழுதினாங்க, எல்லா இடத்துக்கும் அனுப்பினாங்க, ஒரு தகவலும் இல்ல. ரைட்டரே இப்பல்லாம் என்னைப் பார்த்தா எழுந்து நிக்கிறார், அது எனக்குப் பிடிக்கல, எழவு வீட்டுக்காரிக்கு எழுந்திருக்கிற மாதிரி இருக்கு. நான் தினமும் அவர் நின்ன இடத்துல எல்லாம் நின்னு பார்க்கிறேன். டிப்போ சுவருக்குப் போறேன். முதல் பத்து நாள் விரிசல்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு நாள், புது இலை சுருட்டி வச்ச மாதிரி மடிஞ்சு வர்றதும், அதோட மடிப்புல ஒரு துளி ஈரம் உட்கார்ந்திருக்கிறதும் தெரிஞ்சுது. அழகா இருந்துச்சுடா. அழகா இருந்ததால எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. இது மனசுக்கு ஆறுதல் தரும்னு எவனாவது சொன்னா நம்பாதே. பார்க்கத் தெரிஞ்சுதுன்னா எல்லாம் வலிக்குது. பஸ்ல எதிர்ல உட்கார்றவங்க முகத்தைப் பார்க்கிறேன், ஒவ்வொருத்தர் முகத்துலயும் இத்தனை இருக்குமானு மலைப்பா இருக்கு, இறங்குறப்ப அவங்களையும் தொலைச்சுட்ட மாதிரி இருக்கு. இத்தனையும் ஒரு மனுஷன் தினமும் பார்த்துட்டு வந்து, கூடப் பார்க்க ஆள் இல்லாம, என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கார். ஆண்டவன்கிட்ட வேண்டிக்கவும் எனக்குப் பயமா இருக்கு. என்னை மாதிரி அவனும் கண்ணை விட்டு வச்சுக்கிட்டு குறை மட்டும் பார்த்தான்னா நான் நேரா தொட்டிக்குத்தான் போவேன்.

கம்பெனி சமாச்சாரமும் சொல்லிடுறேன், யாராவது சொல்லித் தெரிஞ்சா வருத்தப்படுவே. திரும்ப வேலைக்குப் போனேன், ஆனா பெல்ட்டுக்கு முன்னால உட்கார்ந்தா நல்ல பாட்டில் எல்லாம் கண்ணுல நிக்க ஆரம்பிச்சிடுச்சு. வெளிச்சம் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி விழுது. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். வாய் உடைஞ்ச பாட்டில் நாலு என்னைத் தாண்டிப் போயிடுச்சு, புகார் வந்துச்சு. சூப்பர்வைசர் நல்ல மாதிரியாத்தான் சொன்னார், கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்கக்கானு. இப்ப அட்டைப்பெட்டி மடிக்கிறேன். நான் சொல்லிக் குடுத்த பொண்ணு ஒருத்திதான் என் இடத்துல உட்கார்ந்திருக்கா, கெட்டிக்காரி, அவளைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு.

நீ வேலையை விட்டுட்டு ஓடி வராதே. வந்து என்ன செய்யப் போறே, நான் நின்ன இடத்துல நீயும் நிப்பே. எனக்கு இனிமே நம்பிக்கைனு பெருசா ஒண்ணும் இல்ல, உன்கிட்ட ஒளிக்க விரும்பல. குளிர் வந்துடுச்சு, அவர் மேல அந்த ஒத்தைச் சட்டைதான், பொத்தான் மாறிப் போட்டது. நீ சமைச்சுச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. உனக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆகி, அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு கூப்பிட்டா, கையில என்ன இருந்தாலும் கீழ வச்சுட்டுப் போ. நான் சொல்ற புத்திமதி அது ஒண்ணுதான். எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும், நோய் நொடி இல்லாம நீண்ட ஆயுசோட இருக்கணும், உன்னைப் பார்க்கிறவங்க உன்னை முழுசாப் பார்க்கணும், அம்மாவோட ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மறக்காமச் செய். புதுசா ஒரு அறிவிப்பு நானே எழுதிக்கிட்டு இருக்கேன், டிப்போவுலயும் ஆஸ்பத்திரி வாசல்லயும் ஒட்ட. அதுல வெட்டு, மச்சம் எதுவும் போடல. சின்ன செடியைப் பார்த்தாலும் நிப்பார், முழங்கால் வலின்னா எந்தக் கால்னு கேட்பார், அழுறவங்க பக்கத்துல பேசாம உட்காருவார், இங்க வந்து பாரேன்னு கூப்பிடுவார், கூப்பிட்டா போங்கனு எழுதியிருக்கேன். ரைட்டர் படிச்சுட்டு, இதை வச்சு யாரையும்மா கண்டுபிடிக்கிறதுனு கேட்டார். இதெல்லாம் மத்தவங்க எனக்குச் சொன்னது, நானாப் பார்த்தது ஒரு வரிகூட இல்ல. முகம் எப்படி இருக்கும்னு எழுத வேண்டிய இடம் காலியா இருக்கு, அதை நீ எழுதி அனுப்பு. நீ கிளம்பின அன்னிக்கு ரயில் நகர்ந்தப்ப நீ ஜன்னல்ல இருந்து எங்களைப் பார்த்தே, அப்பா என் தோளை ஒட்டி நின்னுக்கிட்டு உன்னைப் பார்த்தார். அப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சுனு எழுது. எனக்குத் தெரியாது. நான் உன் பெட்டியில ஜிப்பு ஒரு பல் விட்டிருக்குனு அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா